ஆபிதா லாத்தாவின் மஞ்சள் அலமாரி

உட்காருவதற்கு முன்னால் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தாக வேண்டும் ஆபிதாவுக்கு. துபாய் தேராவில் பல் டாக்டரிடம் போனாலும் சரி, அஜ்மானில் யார் வீட்டு வலீமா கல்யாண விருந்துக்குப் போனாலும் சரி. இடது கையால் அபாயாவை ஒதுக்கிக்கொண்டு, வலது கையால் நாற்காலியின் முதுகைப் பிடித்து ஒரே திருப்பு. நான்கு கால்களும் கூரையைப் பார்த்து நிற்கும். கைப்பையிலிருந்து விரல் நீள டார்ச் ஒன்று வெளியே வரும். ஆணி அடித்திருக்கிறானா, திருகு போட்டிருக்கிறானா, பசையை அப்பி ஒப்பேற்றியிருக்கிறானா என்று ஆராய்ந்துவிட்டு, "ம்... ஒரு நோம்பு தாங்கும்" என்பார். அடுத்த ரமலானைப் பார்க்காது என்று அர்த்தம். அதன் பிறகுதான் அமர்வார்.

பல் டாக்டரின் நர்ஸ் ஒருமுறை பதறிப்போய் ஓடிவந்தாள். "ஏதாச்சும் விழுந்துருச்சா ஆன்ட்டி?"

"இன்னும் விழல மவளே. யாராவது உக்காந்தா விழும்."

ஐம்பதைத் தாண்டிய காயல்பட்டினத்துக்காரர். கணவர் நெய்னா முகம்மதுவுக்குத் தேராவில் ஓர் அத்தர்க் கடையில் வேலை. ஆபிதாவுக்கு ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில், டயர் கடை ஒன்றின் முதுகுப்புறத்தில், சொந்தமாக ஒரு குடோன். ஊருக்குத் திரும்புகிறவர்கள் விட்டுப்போகும் மேசை நாற்காலிகளை வாங்கி, புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்கு விற்கிறார். "எங்க வீட்டுக்காரரு வாசனை விக்காவ, நான் தூசி விக்கேன். ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தா மூக்குக்குத்தான் கஷ்டம்" என்பது அவர் தன் குடும்பத்தைப் பற்றித் தரும் முழு விவரம். வாடிக்கைக்காரர்களில் வயதில் மூத்தவர்கள்கூட அவரை 'லாத்தா' என்றுதான் அழைக்கிறார்கள். லாத்தா என்றால் காயலில் அக்கா.

குடோனில் 'பழசு' என்ற சொல்லுக்கு அனுமதி இல்லை. 'பழகினது' என்றுதான் சொல்ல வேண்டும். 'செகண்ட் ஹேண்ட்' என்று யாராவது சொல்லிவிட்டால், "ஏன், ஒங்க வாப்பா ஒங்களுக்கு வச்ச பேரும் ஒங்க பாட்டனோட செகண்ட் ஹேண்ட் பேருதானே?" என்று கேட்டுவிடுவார். நாலு பேர் பார்க்க வீட்டைக் காலி செய்கிறவர்களிடம் அவர் பேரம் பேசுவதில்லை. குழந்தைகள் எதிரே நின்றால் விலையே பேசமாட்டார். தன் கட்டிலுக்கு விலை சொல்வதைக் கேட்ட பிள்ளைக்கு அன்றைக்குத் தூக்கம் வராது என்பது அவர் கணக்கு.

"இந்த ஊர்ல சாமானுக்கு ஆயுசு ரெண்டு வீடு" என்பார். உண்மைதான். பெரிய கடைகளில் வாங்கும் மரத்தூள் பலகை அலமாரி முதல் வீட்டில் ராஜா மாதிரி நிற்கும். வீடு மாறக் கழற்றி மாட்டினால் இரண்டாம் வீட்டில் கதவு இடிக்கும். மூன்றாம் வீட்டுக்குக் கிளம்பும்போது திருகு தன் துளையை உதறிவிட்டுக் கையோடு வந்துவிடும். ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டினால் கதை இன்னும் சீக்கிரம் முடிந்தது. டீயில் நனைந்த பிஸ்கட்டாக அடிப்பக்கம் ஊதி உதிர்ந்துவிடும். வருடத்துக்கொரு வீடு மாறும் ஊரில் இடம்பெயரத் தெரியாத சாமானை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதனால்தான் அவருக்குச் சுவிஸ் சாமான் என்றால் பைத்தியம்.

அந்தச் சுவிஸ் அலமாரியில் மரமே கிடையாது. வெள்ளிபோல மின்னும் இரும்புக் குழாய்கள். குழாய்கள் சந்திக்கும் ஒவ்வொரு மூலையிலும் பெரிய நெல்லிக்காய் அளவில் ஓர் உலோக உருண்டை. உருண்டையில் ஆறு திசைக்கும் ஆறு துளை. சட்டங்களுக்கு நடுவே வண்ணம் ஏற்றிய இரும்புத் தகடுகள். பக்கவாட்டில் வளர்க்கலாம், மேலே வளர்க்கலாம், வேண்டாமென்றால் குறைக்கலாம். இரண்டு பெட்டிகள் ஒட்டி நின்றால் அவற்றுக்கு நடுவில் ஒரே சட்டம்தான். இரண்டுக்கும் அதுவே சுவர், அதுவே கால். அறுபதுகளில் வரைந்த வடிவத்தை இன்றைக்கும் அப்படியே செய்கிறார்கள். நேற்றுப் பெட்டி பிரித்த குழாய் அரை நூற்றாண்டுக்கு முந்திய உருண்டையில் முனகாமல் போய் உட்காரும்.

முதல் பார்வையில் யாருக்கும் அது பிடிப்பதில்லை. "என்ன லாத்தா, ஆஸ்பத்திரி அலமாரி மாதிரி இருக்கு?" என்பார்கள். ஆபிதா கோபப்படமாட்டார். கதவைத் திறந்து, பிடியை விட்டுவிடுவார். கதவு தன்பாட்டுக்குப் போய் உதடு மூடுவதுபோல மூடிக்கொள்ளும். "சத்தம் கேட்டிச்சா?" என்று கேட்பார். கேட்டிருக்காது. "அந்த நாட்ல கதவு சாத்துற தினுசப் பாத்துத்தான் பொண்ணு குடுப்பாவ போல இரிக்கு." சுவிட்சர்லாந்துக்கு அவர் போனதில்லை. போகவும் ஆசையில்லை. "அங்க போனா எல்லாச் சாமானும் நல்லாத்தானே இரிக்கும்? எனக்கு என்ன வேலை?"

குடோன் வாசலில் உடம்பெல்லாம் துளைபோட்ட அலுமினிய நாற்காலி ஒன்று கிடக்கிறது. அதுவும் சுவிஸ். தோட்டத்தில் போட, மழைத் தண்ணீர் வடிந்துபோக என்று எண்பது வருடங்களுக்கு முன்னால் வடிவமைத்தது. வளைகுடா வெயிலில் கிடந்தாலும் ஓட்டைகள் வழியே காற்றுப் புகுந்து முதுகைச் சுடவிடாது. 'இடியாப்பத் தட்டு' என்பது ஆபிதா அதற்கு வைத்த பெயர்.

இந்தச் சாமான்களிடம் அவர் மெச்சும் குணம் என்னவென்று கேட்டால் ஊர் வழக்கத்தைக் கொண்டு பதில் சொல்வார். காயலில் கல்யாணமானால் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வர வேண்டும். "நல்ல மாப்புள எப்படி இரிப்பாவ? போற வீடு சின்னதுன்னா சுருங்குவாவ, பெருசுன்னா விரிவாவ, கதவ அறைஞ்சு சாத்த மாட்டாவ. இந்த அலமாரி அப்படி. எங்க வீட்டுக்காரருகிட்ட கேளுங்க, அவரும் கிட்டத்தட்ட சுவிஸ்தான்."

கிட்டத்தட்டதான். முதல் சுவிஸ் அலமாரியை வீட்டுக்குக் கொண்டுவந்தது நெய்னா முகம்மதுதான். தேராவில் மூடிப்போன ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸிலிருந்து, செருப்பு வைக்கலாமே என்று தூக்கிவந்தார். ஆனால் ஒரு பெருநாளுக்கு மனைவியைச் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்து, அதன் கதவொன்றைக் கழற்றி, கார்களுக்கு வண்ணம் அடிக்கும் கராஜில் கொடுத்துப் பளபளவென்று புதுப்பூச்சுப் பூசிக்கொண்டு வந்து நின்றார். அசல் வண்ணம் போய்விட்டதென்று பெருநாள் முழுக்க ஆபிதா அவரிடம் பேசவில்லை. அந்தக் கதவு இப்போது சமையலறைச் சுவரில், கேஸ்காரன் தண்ணீர்க்காரன் நம்பர்களைக் காந்தத்தில் தாங்கிக்கொண்டு தொங்குகிறது. "தூக்கி எறிய மனசு வரல. பாசத்துல செஞ்ச பாவம்."

சுவிஸ் சாமானை விற்கும்போது மட்டும் ஆபிதா ஒரு நிபந்தனை போடுவார். ஊருக்குப் போகும்போது வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, அவருக்குத்தான் திருப்பித் தர வேண்டும். காகிதம் கையெழுத்து எதுவும் கிடையாது, வாய்ச்சொல்தான். இதுவரை ஒருவரும் மீறியதில்லை. அப்படித் திரும்பி வந்தவற்றிலிருந்து ஒரே மஞ்சளாக, முட்டைக்கருவின் மஞ்சளாக, ஒன்றோடொன்று கோத்து நீள வரிசையொன்றைக் குடோனின் பின்சுவரோரம் வளர்த்துவந்தார். யாருக்கும் விற்கமாட்டார். வளர்ப்பதற்காகவே வளர்த்தது.

அந்த வரிசைக்குப் போன மாதம் ஆள் வந்தது. விமல் என்ற சென்னைப் பையன், உள்அலங்காரம் செய்கிறவன். புதிதாகத் திறக்கப்போகும் ஓட்டல் ஒன்றின் வரவேற்பறைக்கு அப்படியோர் அலமாரி வரிசையைத் தேடிக்கொண்டிருந்தான். புதிது வேண்டாம், எல்லாம் ஒரே காலத்துச் சாமானாக, ஒரே மஞ்சளாக இருக்க வேண்டும். பார்த்ததும் வாயைப் பிளந்துவிட்டான். "ஆன்ட்டி, இது குடோன் இல்ல, மியூசியம்!" அளந்து பார்த்தான். சுவருக்கு இன்னும் இரண்டு கதவு குறைந்தது. "ரெண்டே ரெண்டு பெட்டி ஆன்ட்டி. எங்கயாச்சும் புடிச்சிருங்க. மொத்தத்தையும் எடுத்துக்கறேன்."

அவன் சொன்ன விலைக்கு டயர் கடையின் முதுகிலிருந்து எழுந்து ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துவிடலாம். ரோலாவில் கண்ணாடி முகப்பு வைத்த கடையொன்று காலியாக இருந்தது. நெய்னா முகம்மது வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அதைப் பார்க்கவே இரண்டு தடவை போய்வந்தார். போர்டில் 'ஆபிதா' என்று தமிழிலும் எழுத வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டார். அந்த எழுத்தைக் கற்பனை செய்துகொண்டு அன்றிரவு அவர் மனைவிக்கு உறக்கம் பிடிக்கவில்லை. கடைக்கு ஆசைப்படாத வியாபாரி உண்டா?

அந்த இரண்டு பெட்டி எங்கே இருக்கிறது என்று ஆபிதாவுக்குத் தெரியும். குசைஸில், சந்தியா வீட்டில். மயிலாடுதுறைப் பக்கத்துப் பெண். கல்யாணமான புதிதில் கணவன் பத்மநாபனோடு குடோனுக்கு வந்து வாங்கிப்போனாள். ஒட்டிய இரண்டு பெட்டி, அதே மஞ்சள்.

கேட்கலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தபோது சந்தியாவே போன் செய்தாள். பத்மநாபன் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். வேறு வேலை கிடைத்திருக்கிறது, ஆனால் அந்தச் சம்பளத்தில் குடும்பத்தை வைத்துக்கொள்ள முடியாது. சந்தியாவும் மகளும் ஊருக்கு, அவர் சத்வாவில் பெட் ஸ்பேஸுக்கு, பலரோடு பகிரும் அறையில் ஒரே ஒரு கட்டிலுக்கு. "சொன்ன சொல்லு ஞாபகம் இருக்குக்கா. வந்து எடுத்துக்கங்க. வெள்ளிக்கிழமை வீட்டைக் காலி பண்றோம்."

மறுநாள் காலையில் விமல் குடோனுக்கு வந்தான். வரிசை நிறையப்போகிறது என்று கேட்டதும் குதித்தான். போகிற போக்கில் ஒன்று சொன்னான். "ஆன்ட்டி, அனுப்புறதுக்கு முன்னாடி கதவெல்லாம் உள்பக்கமா ஸ்க்ரூ போட்டு அடைச்சிருங்க. லாபில கண்டவனும் தொறந்து டிஷ்யூவப் போடுவான்."

"தொறக்கவே வேணாமா?"

"எதுக்கு ஆன்ட்டி? பாக்கத்தானே!"

ஆபிதா நாற்காலி எதையும் கவிழ்க்காமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்து டயர் கடைக்காரனே எட்டிப்பார்த்து, "லாத்தா, உடம்பு சரியில்லையா?" என்றான்.

அன்று மாலை குசைஸ் வீட்டில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே மஞ்சள் அலமாரி மட்டும் இன்னும் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. மேலே சாமி படமும் இன்டர்நெட் பெட்டியும். இரண்டு கையிலும் மடித்த துணியோடு வந்த சந்தியா முழங்காலால் கதவைத் தட்டித் திறந்து, வைத்துவிட்டு, இடுப்பால் சாத்திக்கொண்டு போனாள். பார்க்காமலே செய்தாள். இடது கதவின் உள்பக்கம் முழுக்க டைனோசர் ஸ்டிக்கர். ஆபிதா அதைத் தடவிப் பார்த்தபோது மகள் ஓடிவந்து, "எக்ஸ்கியூஸ் மீ, லெஃப்ட் டோர் இஸ் மைன்" என்றாள்.

"சரி ராசாத்தி. ரைட் டோர் யாருது?"

"டாடி."

ஆபிதா குழந்தையைக் கடைக்கு அனுப்பச் சொன்னார். பத்மநாபன் அழைத்துப் போனதும் சமையலறையில் சந்தியா வாய் திறந்தாள்.

"ஒண்ணு சொல்லட்டாக்கா? இதை அவருக்கு வச்சுட்டுப் போகணும்னுதான் இருந்துச்சு. அவங்க அண்ணன் குவைத்ல இருந்தாரு. கடைசி வரைக்கும் சூட்கேஸ்லயே வாழ்ந்துட்டாரு. சட்டைய எடுக்கக் குனிவாரு, போட்டுட்டு மூடுவாரு. ஒரு அலமாரி வாங்கலக்கா. கேட்டா, 'அடுத்த வருசம் ஊருக்குப் போறேன்ல' அப்படிம்பாரு. இவரும் அப்படி ஆயிருவாருன்னு பயமா இருக்குக்கா. ஆனா இவரு, பாப்பா சாமான் வைக்க நீ கொண்டு போங்கறாரு. ரெண்டு பேரும் சண்டை போட்டு, கடைசில உங்களுக்கே குடுத்துரலாம்னு..."

ஆபிதா எழுந்தார். ஹாலுக்குப் போய் அலமாரியின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தார்.

பத்மநாபன் திரும்பி வந்தபோது முதல் கேள்வி அவருக்குத்தான் விழுந்தது. "தம்பி, அந்த சத்வா ரூம்ல கட்டிலுக்கும் தரைக்கும் எவ்வளவு எடம்?"

"எதுக்குக்கா?"

"சொல்லுங்க."

இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஆபிதா அந்த இடைவெளியை டேப்பில் பிடித்து அலமாரியோடு ஒப்பிட்டார். "போவும். தாராளமாப் போவும். பாதிய நீங்க வச்சுக்கிடுங்க. பாதி கார்கோவுல ஊருக்குப் போவட்டும்."

"வெட்டப் போறீங்களாக்கா?" சந்தியா பதறினாள்.

"வெட்டுறதா! இது பிரிக்கிறதுக்குன்னே செஞ்ச சாமான்மா. ஆனா நடுச்சட்டம் ஒண்ணுதான் இரிக்கு. அது ஒரு பக்கம் போயிட்டா இன்னொரு பக்கம் ஒரு சுவரில்லாம நிக்கும். நாலு கம்பி, நாலு உருண்டை, ஒரு தகடு வேணும்."

சுவிட்சர்லாந்திலிருந்து வரவழைக்க ஆறு வாரம் ஆகும். வீட்டைக் காலி செய்ய இருப்பதோ மூன்று நாள். இந்த நகரத்தில் அந்தப் பாகங்கள் உதிரியாக வேறெங்கும் இல்லை. ஆபிதா கணவருக்குப் போன் போட்டார்.

"இங்க பாருங்க, குடோனுக்குப் போய் மஞ்ச வரிசையில கடைசிச் சட்டத்தக் கழட்டிட்டு வாங்க."

"வரிசைலேர்ந்தா? ஏ ஆபிதா, அப்போ அந்தத் தம்பி ஓட்டலுக்கு?"

"மொதல்ல கழட்டிட்டு வாங்க."

"போர்டு?"

"என் பேரு எங்கயும் ஓடிராது. வாங்க."

அதன் பிறகு விமலுக்குப் போன். "தம்பி, வரிசை ஒடஞ்சு போச்சு."

"அய்யோ, எப்படி ஆன்ட்டி?"

"ஒடச்சேன். தொறந்து மூடாத எடத்துக்கு அனுப்ப மனசு வரல. கோவிச்சுக்கிடாதீங்க. ஒங்களுக்கு ஆசைன்னா புதுசா வாங்கி அடைங்க, அது எனக்குத் தெரியாம அடைங்க."

போனை வைத்தபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை. கண்ணாடி முகப்பு வைத்த கடை ரோலாவில் இன்னொருவர் பெயரைத் தாங்கப்போகிறது என்பது அவருக்குத் தெரியாமலில்லை. பையிலிருந்து எல்-கீ திருகுகோலை எடுத்து நடுச்சட்டத்தின் முதல் குழாயில் நுழைத்தார். ஓசையின்றிக் குழாய் தளர்ந்தது. நடுத்தகட்டை உருவியபோது, வெயிலே படாத அதன் மஞ்சள் மற்றத் தகடுகளைவிட இளமையாக இருந்தது. "பாருங்க, இவ்வளவு வருசமா ரெண்டு பேருக்கும் நடுவுல ஒருத்தி வயசாவாம இருந்திருக்கா" என்றார் ஆபிதா. அப்போதுதான் அந்த வீட்டில் எல்லோரும் முதல்முறையாகச் சிரித்தார்கள்.

நெய்னா முகம்மது டாக்சியில் வந்தார். குழாய்களையும் தகட்டையும் பழைய போர்வையில் சுற்றி, மடியில் குழந்தை மாதிரி ஏந்தி வந்திருந்தார். கையெல்லாம் அத்தர் வாசனை. மனைவியின் முகத்தைப் பார்த்தார், பிரிந்து கிடந்த அலமாரியைப் பார்த்தார், அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்தார். "உருண்டைய நான் புடிக்கேன், நீ திருகு" என்றார்.

பேச்சு அதிகமில்லாமல் வேலை நடந்தது. மகளின் கதவு ஒரு பக்கம், அப்பாவின் கதவு ஒரு பக்கம். முடிந்தபோது ஹாலில் இரண்டு முழு அலமாரிகள் நின்றன. பாதி என்று எதையும் சொல்ல முடியாது. ஆபிதா இரண்டின் கதவுகளையும் திறந்து திறந்து மூடினார். ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"நல்லாக் கேட்டுக்கிடுங்க தம்பி" என்றார் பத்மநாபனிடம். "நீங்க திரும்ப ஒரே வீட்ல சேந்து இத ஒட்டும்போது நாலு கம்பி, நாலு உருண்டை, ஒரு தகடு மிச்சம் வரும். அது ஒங்களது இல்ல, என்னோடது. கடனாத்தான் தந்திரிக்கேன். கொண்டாந்து தந்துறணும்."

பத்மநாபன் தன் கதவை ஒருமுறை திறந்து மூடினார். "அது எப்ப நடக்குமோக்கா..."

"எப்பங்கிறது ஒங்க பாடு. நான் வந்து கேப்பேன்."

"எல்லாக் கம்பியும் ஒண்ணு போலத்தானே இருக்கு. உங்களது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஆபிதா யோசித்தார். பிறகு தன் கறுப்புத் துப்பட்டாவின் ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்து இழுத்துப் பல்லால் கடித்து அறுத்தார். பத்மநாபனின் அலமாரிக்குள் தோள்வரை கையை விட்டு, நெய்னா முகம்மது டார்ச் பிடிக்க, தன்னுடைய கம்பிகள் ஒவ்வொன்றிலும் நூலைச் சுற்றி முடிச்சுப் போடத் தொடங்கினார்.